தாகத்தின் அளவு

தொட்டியில் வைத்த செடிக்குத் தண்ணீர் தேடிப்போக இடம் கிடையாது. தரையில் நிற்கும் வேம்பு, மழை பொய்த்த ஆண்டில் வேரைக் கீழே அனுப்பும். பாறை தடுத்தால் பக்கவாட்டில் அனுப்பும். பக்கத்து வரப்பின் ஈரத்தைக்கூடக் கண்டுபிடித்துவிடும். தொட்டிச் செடிக்கு ஒரு சாண் மண்தான் உலகம். அதைத் தாண்டி வேர் நீளாதபடி நாமே சுவர் எழுப்பியிருக்கிறோம். சுவர் எழுப்பியவருக்கு அன்றே ஒரு கடமையும் வந்துவிடுகிறது. வீட்டுக்குள் செடி வளர்ப்பதை அழகுணர்ச்சி சார்ந்த காரியமாகப் பலர் பார்க்கிறார்கள். எனக்கு அது முதலில் ஒரு பொறுப்பாகவே படுகிறது. ஓர் உயிரின் தாகத்தை முழுவதுமாக நம் கைக்கு மாற்றிக்கொள்கிறோம்.

தர்மபுரி மாவட்டத்தில் இந்தப் பொறுப்பு இன்னும் கனக்கும். சேலத்திலிருந்து 1965 அக்டோபர் 2 அன்று பிரிந்து உருவான மாவட்டம் இது. ஒகேனக்கல்லில் காவிரி பேரிரைச்சலோடு விழுகிறது. ஆனால் அந்த ஆறு ஓடுவது பள்ளத்தில். எங்கள் கொல்லைகள் இருப்பது மேட்டில். காவிரியின் உபரி நீரை ஏரிகளுக்கு ஏற்றித் தாருங்கள் என்று மக்கள் பல ஆண்டுகளாகக் கேட்டுவருகிறார்கள். கேழ்வரகும் சாமையும் மாவும் வானத்தைப் பார்த்து விளையும் மண் இது. கோடை முற்றும்போது போர் வறண்டு, தெருவுக்குத் தண்ணீர் வண்டி வரும் நாளுக்காகக் குடங்கள் வரிசையில் காத்திருக்கும். அப்படிக் கொண்டுவந்த குடத்திலிருந்து வாசல் துளசிக்கு ஒரு சொம்பு ஊற்றும் பெண், அந்தச் சொம்பு எதற்கெல்லாம் தேவைப்படும் என்று கணக்குப் பார்த்துவிட்டுத்தான் ஊற்றுகிறாள்.

இன்னொன்றும் உண்டு. இந்த மாவட்டத்துக்காரர்கள் பிழைப்புக்காகப் பெங்களூருக்கும் திருப்பூருக்கும் போய்வருகிறவர்கள். வேலைக்குப் போனவர்கள் திரும்பும்வரை வீடு பூட்டியே கிடக்கும். அங்கே பெங்களூரில் அடுக்குமாடிக் குடியிருப்பில் வசிக்கும் எங்கள் ஊர்ப் பிள்ளைகள் பால்கனியில் மணி பிளான்ட்டும் ரோஜாவும் வைக்கிறார்கள். பொங்கலுக்கு ஊருக்கு வந்தால் அங்கே செடி காய்கிறது. இப்படி ஊருக்கும் நகரத்துக்கும் நடுவே அலைகிறவர்களின் வீட்டுக்குத்தான் இப்போது தானாக நீர் எடுத்துக்கொள்ளும் தொட்டிகள் வந்து சேர்ந்திருக்கின்றன. இணையக் கடைகளில் விற்கிறார்கள். நர்சரிகளிலும் பார்க்க முடிகிறது.

அந்தத் தொட்டியின் அமைப்பு எளிமையானது. இரண்டு அடுக்கு. கீழடுக்கில் தண்ணீர் நிற்கும். மேலடுக்கில் மண் கலவையும் செடியும். இரண்டையும் ஒரு திரி இணைக்கும். அல்லது மேலடுக்கின் நடுவில் மண் நிரம்பிய ஒரு கால் கீழே இறங்கித் தண்ணீரில் நிற்கும். விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவது போலத் தண்ணீர் நுண்துளைகள் வழியே மேலேறுகிறது. இலைகள் நீரை ஆவியாக விட, வேர் மண்ணிலிருந்து உறிஞ்ச, மண் கீழிருந்து உறிஞ்சுகிறது. மிதவை ஒன்று நீர்மட்டத்தைக் காட்டும். அளவுக்கு மேல் ஊற்றினால் வெளியேற ஒரு துளை இருக்கும். மோட்டார் இல்லை, மின்சாரம் இல்லை.

இதில் திரி நைலானாகவோ அக்ரிலிக் நூலாகவோ இருப்பது நல்லது. பருத்தித் திரி ஈரத்தில் சீக்கிரம் மக்கிவிடும். மண்ணும் வெறும் செம்மண்ணாக இருக்கக் கூடாது. செம்மண் நனைந்து இறுகினால் வேருக்குக் காற்று போகாது. வேர் மூச்சுவிடும் உறுப்பு என்பதை மறந்து தண்ணீரிலேயே நிறுத்தி அழுக வைக்கிறவர்கள்தான் அதிகம். தென்னை நார்க்கழிவு, மட்கிய தொழு உரம், கொஞ்சம் மணல் என்று கலந்தால் ஈரமும் நிற்கும், காற்றும் நிற்கும். தோட்டக்கலைத் துறை மாடித்தோட்டத் தளைகளில் நார்க்கழிவுக் கட்டிகளைச் சேர்த்துத் தந்ததும் இதனால்தான்.

ஒரு நல்ல பொருள்தான். ஆனால் இதைப் புதிய கண்டுபிடிப்பு என்று சொல்லி விற்கும்போது எனக்குச் சொல்லத் தோன்றுவது இதுதான்: செடியின் தாகத்தைச் செடியே அளந்துகொள்ளட்டும் என்ற எண்ணம் மிகப் பழையது. அதைச் செய்துகாட்டிய பொருள் இன்றும் நம் திண்ணை மூலையில் இருக்கிறது. சுட்ட மண் பானை.

குடிதண்ணீர்ப் பானையின் வெளிப்புறம் எப்போதும் வியர்த்திருக்கும். களிமண்ணோடு மணல் சேர்த்துப் பிசைந்து, மெருகு பூசாமல், கிராமத்துச் சூளையில் சுட்டெடுத்த பானையின் சுவர் கண்ணுக்குத் தெரியாத துளைகளால் ஆனது. அந்தத் துளைகள் வழியே கசியும் நீர் ஆவியாகும்போது உள்ளிருக்கும் நீரின் வெப்பத்தை எடுத்துக்கொண்டு போகிறது, தண்ணீர் குளிர்கிறது. இதே பானையைக் கழுத்துவரை மண்ணில் புதைத்தால் ஆவியாவதற்கு வெளிக்காற்று இல்லை. இப்போது கசிவைத் தீர்மானிப்பது சுற்றியிருக்கும் மண். காய்ந்த மண்ணுக்கு உறிஞ்சும் வலு அதிகம்; அது பானையின் சுவரிலிருந்து நீரை இழுக்கும். மண் நனைந்தபின் அந்த வலு தளரும்; கசிவும் மிகவும் குறைந்துவிடும். செடி குடிக்கக் குடிக்க மண் மறுபடி காயும், மறுபடி இழுக்கும். வெயில் ஏறிய நாளில் அதிகம் போகும். மேகம் மூடிய நாளில் குறைவாகப் போகும். யாரும் கணக்கு எழுத வேண்டியதில்லை.

சீனத்தில் கி.மு. முதல் நூற்றாண்டில் ஃபான் ஷெங்-ச்சி என்ற வேளாண் அறிஞர் இதை எழுதிவைத்தார். குழியின் நடுவில் ஒரு மண் ஜாடியைப் புதை, அதன் வாய் தரைமட்டத்துக்கு இருக்கட்டும், நீர் நிரப்பு, சுற்றிலும் நான்கு முலாம்பழ விதை ஊன்று, ஓட்டுச்சில்லால் மூடு, நீர் குறையும்போதெல்லாம் நிரப்பு. அவ்வளவுதான் முறை. ஸ்பானியர்கள் வழியே அமெரிக்காவுக்குப் போன ஒல்லா என்ற மண்ஜாடியும் இந்த வேலையைச் செய்கிறது. இன்று அமெரிக்கத் தோட்டக்கடைகளில் அதை நல்ல விலைக்கு வாங்குகிறார்கள். இந்தியாவில் இதை ஆய்வுக்கு எடுத்துக்கொண்ட இடம் ஹரியானாவின் கர்னாலில் உள்ள மத்திய உவர்மண் ஆராய்ச்சி நிறுவனம். அங்கே ஆர். சி. மண்டல் 1970களில் பானையை வைத்துக் காய்கறி விளைவித்து எழுதிய கட்டுரைகள், உலகின் வறண்ட நாடுகள் பலவற்றில் இந்த முறையை வேளாண் அறிஞர்கள் திரும்பிப் பார்க்கக் காரணமாயின.

உவர்மண் நிறுவனம் பானையில் அக்கறை காட்டியதற்குக் காரணம் உண்டு. வாய்க்காலில் பாய்ச்சும்போது நிலம் நனைந்து, காய்ந்து, மறுபடி நனைகிறது. ஒவ்வொரு காய்ச்சலிலும் நீரிலிருந்த உப்பு வேரடியில் செறிகிறது. பானையைச் சுற்றியுள்ள மண்ணோ எப்போதும் ஒரே ஈரத்தில் இருக்கும். உப்பு அந்த ஈரவட்டத்தின் ஓரத்துக்குத் தள்ளப்படும். நடுவில் வேர் நிம்மதியாக இருக்கும். ஓரளவு உவர்ப்பான தண்ணீரிலும் கொடிகளை வளர்த்தெடுக்க முடிவது இதனால். பாகல், சுரை, பூசணி, தர்பூசணி போன்று அகலமாய்ப் படரும் கொடிகளுக்குப் பானை மிகப் பொருத்தம். மேலே படர்வது எவ்வளவு இருந்தாலும் வேருக்கு ஒரே இடத்தில் நீர் போதும்.

தர்மபுரிக்கு நீரை அளந்து கொடுக்கும் அனுபவம் புதிதல்ல. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் 2004-05இல் துல்லியப் பண்ணையத் திட்டத்தைத் தொடங்கியபோது தேர்ந்தெடுத்த களம் தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்கள்தான். மூன்று ஆண்டுகளில் 400 ஹெக்டேர். சொட்டுநீர்க் குழாய், நீரில் கரையும் உரம், குழித்தட்டு நாற்று என்று எல்லாம் அளந்து கொடுக்கப்பட்டன. முதல் ஆண்டு முழு மானியம். அடுத்தடுத்த ஆண்டுகளில் விவசாயியின் பங்கு ஏறியது. தக்காளியும் கத்தரியும் மிளகாயும் அந்த முறையில் விளைந்ததைப் பார்க்க வெளி மாவட்டத்தார் வந்தார்கள். இன்று தமிழ்நாட்டில் சிறு, குறு விவசாயிகளுக்குச் சொட்டுநீர்க் கருவிகள் நூறு சதவீத மானியத்தில் கிடைக்கின்றன. வறண்ட மேட்டு நிலத்தில் கறுப்புக் குழாய்கள் ஓடுவது இப்போது சாதாரணக் காட்சி.

சொட்டுநீரை நான் மதிக்கிறேன். ஆனாலும் அதற்கும் பானைக்கும் ஒரு வேறுபாடு உண்டு. அது என்னை நெடுநாளாக யோசிக்க வைத்திருக்கிறது. சொட்டுநீரில் எத்தனை மணி நேரம் வால்வைத் திறப்பது என்பதை மனிதர் முடிவுசெய்கிறார். செடிக்கு எவ்வளவு தேவை என்று அவர் ஊகிக்கிறார். அனுபவசாலியின் ஊகம் நன்றாகவே இருக்கும். பானையில் அந்த ஊகத்துக்கு இடமில்லை. கொடுக்கிறவர் நிரப்பிவைத்துவிட்டு விலகிக்கொள்கிறார். எப்போது, எவ்வளவு என்பதைப் பெற்றுக்கொள்கிறவர் தீர்மானிக்கிறார். கொடுப்பதில் இப்படி ஒரு வகை இருக்கிறது என்பதை நாம் செடிக்கு வெளியேயும் கற்றுக்கொள்ளலாம். நம் உதவிகளில் பெரும்பாலானவை நமக்கு வசதியான நேரத்தில், நமக்குத் தோன்றிய அளவில், மேலிருந்து ஊற்றப்படுபவை. பாதி வழிந்தோடிவிடுகிறது.

அரூர் பக்கத்துத் தீர்த்தமலையில் தீர்த்தகிரீசுவரர் கோயிலுக்கு மேலே, பாறை இடுக்கிலிருந்து இராமர் தீர்த்தம் மெல்லிய ஒழுக்காக விழுந்துகொண்டிருக்கிறது. கோடையிலும் நிற்பதில்லை என்று ஊரார் சொல்வார்கள். மழைக்காலத்தில் குடித்த நீரை மலை கொஞ்சம் கொஞ்சமாக ஆண்டு முழுவதும் வெளிவிடுகிறது. அக்கினி நட்சத்திர நாட்களில் சிவன் கோயில்களில் லிங்கத்துக்கு மேலே தாராபாத்திரம் கட்டித் தொங்கவிடுவார்கள்; அடித்துளை வழியே துளித்துளியாக நீர் இறங்கும். ஒரே நேரத்தில் கொட்டுவதைவிட விடாமல் சொட்டுவது குளிர்ச்சி தரும் என்பது வெயில் மிகுந்த ஊர்களில் வாழ்ந்தவர்களுக்குப் பழகிய அறிவு. தென்னந்தோப்பிலும் மாந்தோப்பிலும் இளங்கன்றுகளுக்குப் பக்கத்தில் துளையிட்டுத் திரி வைத்த பானையைப் புதைத்துக் கோடையைக் கடத்திய விவசாயிகள் அந்த அறிவைத்தான் பயன்படுத்தினார்கள்.

ஆனால் தர்மபுரியின் தண்ணீரைப் பற்றிப் பேசும்போது அளவோடு தரத்தையும் பேசியாக வேண்டும். இங்கே நிலத்தடி நீரில் ஃபுளோரைடு அதிகம். பாறைகளில் உள்ள தாதுக்களிலிருந்து அது நீரில் கரைகிறது. குடிநீரில் லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்குள் இருப்பது நல்லது. வேறு வழியில்லாவிட்டாலும் 1.5ஐத் தாண்டக் கூடாது என்பது இந்தியத் தர அளவு. அதைத் தாண்டிய கிணற்று நீரைக் குடித்து வளர்ந்த பிள்ளைகளின் பற்களில் பழுப்புக் கறை விழுந்ததும், பெரியவர்களின் எலும்புகள் இறுகிக் குனிய முடியாமல் போனதும் இந்த மாவட்டத்தின் துயரம். 2008இல் அடிக்கல் நாட்டி, ஜப்பானியக் கடனுதவியுடன் கட்டி, 2013இல் பயன்பாட்டுக்கு வந்த ஒகேனக்கல் கூட்டுக்குடிநீர் மற்றும் ஃபுளோரைடு பாதிப்புத் தணிப்புத் திட்டம் அதற்காகவே வந்தது.

அந்த ஃபுளோரைடு செடிகளையும் தொடும். ஸ்பைடர் பிளான்ட், டிரசீனா, கார்டிலைன் போன்ற வீட்டுச் செடிகள் ஃபுளோரைடைத் தாங்காதவை. வேர் உறிஞ்சிய நீர் இலை வழியே ஆவியாகப் போய்விடும், ஃபுளோரைடு போகாது. அது இலையின் நுனியில் சேர்ந்து அந்த இடத்தைக் கருக்கும். தண்ணீர் போதவில்லை என்று நினைத்து இன்னும் ஊற்றினால் இன்னும் கருகும். கீழிருந்து நீர் ஏறும் தொட்டியில் இந்தச் சிக்கல் கூடுகிறது. மேலிருந்து ஊற்றும்போது உபரி நீர் அடித்துளை வழியாக உப்பைக் கழுவிக்கொண்டு போகும். கீழிருந்து ஏறும்போது கழுவுவதற்கு வழியில்லை. மேல்மண்ணில் வெள்ளைப் படலமாக உப்பு பூக்கும். கர்னாலின் பானை வேரிலிருந்து உப்பை விலக்கியது. அடுக்குத் தொட்டி அதே உப்பைத் தொட்டிக்குள்ளேயே பிடித்துவைக்கிறது. இரண்டும் ஒரே தத்துவம்தான். ஒன்றுக்குச் சுற்றிலும் நிலம் இருக்கிறது, மற்றொன்றுக்கு இல்லை.

ஆகவே தர்மபுரியில் இப்படிப்பட்ட தொட்டி வைத்திருப்பவர்கள் போர் தண்ணீரை நம்பாமல் மழைநீரை ஊற்ற வேண்டும். தமிழ்நாட்டில் 2003 முதல் கட்டடங்களுக்கு மழைநீர் சேகரிப்பு கட்டாயம். மொட்டைமாடியிலிருந்து இறங்கும் குழாயின் அடியில் ஒரு டிரம் வைத்தால் வீட்டுச் செடிகளுக்குப் பல நாட்களுக்கான நல்ல நீர் கிடைத்துவிடும். அவ்வப்போது தொட்டியின் கீழடுக்கைக் காலி செய்து, மேலிருந்து தாராளமாக மழைநீர் ஊற்றி உப்பைக் கழுவிவிட வேண்டும். கீழடுக்கின் வாயை நன்றாக மூடிவைக்கவும் வேண்டும். தேங்கிய சுத்தமான நீர் ஏடிஸ் கொசுவுக்குப் பிடித்த இடம். முட்டை கொசுவாகச் சுமார் ஒரு வாரம், பத்து நாள் போதும். புதைத்த பானைக்கும் இது பொருந்தும். வாயை ஓட்டுச்சில்லாலோ அகல்தட்டாலோ மூடாத பானை, டெங்குவுக்குக் கதவைத் திறந்து வைப்பதாகும்.

இன்னும் ஆழமான ஒரு கேள்வி மிச்சமிருக்கிறது. தாகமே தெரியாமல் வளர்வது எல்லாச் செடிக்கும் நல்லதா? மாந்தோப்பு வைத்திருக்கும் எந்தத் தர்மபுரி விவசாயியைக் கேட்டாலும் இல்லை என்பார். காய்க்கும் மாமரத்துக்குப் பூ வருவதற்கு இரண்டு மூன்று மாதம் முன்பே தண்ணீரை நிறுத்திவிடுகிறார்கள். அந்தக் காய்ச்சலில்தான் மரம் தளிர் விடுவதை நிறுத்திப் பூ மொட்டுக்குத் திரும்புகிறது. குண்டுமல்லியைக் கவாத்து செய்வதற்கு முன் பாய்ச்சலை நிறுத்திக் காயவிடுவார்கள். காகிதப்பூச் செடியைத் தண்ணீரிலேயே வைத்திருந்தால் இலையாக வளரும். சற்றே வாடவிட்டால் நிறம் நிறமாகப் பூக்கும். கற்றாழை இனங்களும் ஸ்நேக் பிளான்ட்டும் எந்நேரமும் ஈரத்தில் நின்றால் அடியிலேயே அழுகும். மாறாக பீஸ் லில்லி, ஆந்தூரியம், பெரணிகள், துளசி, கனகாம்பரம், கீரை, கொடிக்காய்கள், வேரூன்றாத இளங்கன்றுகள் ஆகியவற்றுக்குத் தொடர்ந்த ஈரம் வரம்.

அதனால் தானாக நீர் எடுக்கும் தொட்டி மனிதரின் கவனத்துக்கு மாற்று என்று நான் நினைக்கவில்லை. அது அன்றாடம் ஊற்றும் உழைப்பை எடுத்துக்கொள்கிறது. கவனிக்கும் வேலையை நம்மிடமே விட்டுவிடுகிறது. எந்தச் செடிக்குத் தொடர்ந்த ஈரம் தர வேண்டும், எதற்கு எப்போது தாகத்தைக் கொடுக்க வேண்டும், ஊற்றும் நீரில் என்ன கரைந்திருக்கிறது என்பவற்றை அறிந்தவரிடம்தான் அந்தத் தொட்டி பயன்படும். தலையிலும் இடுப்பிலும் குடம் சுமந்து செடி வளர்த்த பெண்களுக்கு இந்த உழைப்புக் குறைவு பெரிய விடுதலை என்பதையும் சேர்த்தே சொல்கிறேன். அவர்களுடைய கையும் காலும் ஓயும் எந்த ஏற்பாட்டையும் பழமையின் பெயரால் குறைசொல்ல எனக்கு மனம் வராது.

என் வருத்தம் வேறு. பிளாஸ்டிக் தொட்டிக்கு நாம் கொடுக்கும் பணத்தில் ஒரு பங்குகூட நம் ஊர் மண்பாண்டத் தொழிலாளியிடம் போய்ச் சேர்வதில்லை. பொங்கலுக்குப் பானை, கார்த்திகைக்கு அகல் என்று ஆண்டின் சில வாரங்களில் மட்டும் நினைக்கப்படுகிற தொழிலாக அது சுருங்கிவிட்டது. எவர்சில்வர் வந்து சமையலறையை எடுத்துக்கொண்டது. குளிர்பெட்டி வந்து தண்ணீர்ப் பானையை எடுத்துக்கொண்டது. ஏரி வண்டலைக் கட்டணமில்லாமல் எடுத்துக்கொள்ள அரசு மண்பாண்டத் தொழிலாளர்களுக்கு அனுமதி தந்திருக்கிறது. மண் கிடைத்தாலும் வாங்குகிறவர் வேண்டுமே. செடிக்கான பானை ஆண்டு முழுவதும் விற்கக்கூடிய பொருள். அது மெருகு இல்லாததாக, கொஞ்சம் கசிவதாக இருக்க வேண்டும். குடிநீருக்குக் கசிவு அதிகம் என்று கழிக்கப்படும் பானைகூட இதற்கு உதவும். நார்க்கழிவுத் தொட்டியின் நடுவில் வைக்கச் சின்னக் கலயம், மாடிப் பைக்கு அரைப்படிப் பானை, மாங்கன்றுக்குக் குடம் அளவில் ஒன்று என்று மூன்று அளவுகளில் செய்தால் போதும்.

பானைக்கும் குறை உண்டு. உவர்நீரில் அதன் துளைகள் நாளடைவில் அடைபடும். அப்போது அதை எடுத்துத் தேய்த்துக் கழுவ வேண்டும், அல்லது மாற்ற வேண்டும். ஏக்கர் கணக்கில் பயிர் வைத்தவரால் ஒவ்வொன்றாகப் பானை நிரப்பிக்கொண்டிருக்க முடியாது. அவருக்குச் சொட்டுநீர்தான் வழி. வீட்டு வாசல், மொட்டைமாடி, பள்ளி வளாகம், புதிதாக மரம் நட்ட சாலையோரம் ஆகிய இடங்களுக்குப் பானை பொருந்தும். மழைக்காலத்தில் விழா எடுத்து நடப்படும் கன்றுகளில் பல அடுத்த கோடையைத் தாண்டுவதில்லை. ஒவ்வொரு கன்றின் அடியிலும் ஒரு பானையைப் புதைத்து, அதை நிரப்பும் பொறுப்பை ஒரு மாணவருக்கோ தெருக்காரருக்கோ கொடுத்தால் அவற்றில் கணிசமானவை மரமாகும்.

வாசகர்களிடம் கேட்டுக்கொள்வது இதுதான். அடுத்த சந்தை நாளில் மெருகு பூசாத ஒரு மண்பானை வாங்குங்கள். அடியில் துளை இருந்தால் களிமண்ணாலோ சிமெண்டாலோ அடையுங்கள். உங்கள் செடிக்கு ஒரு சாண் தள்ளிக் கழுத்து மட்டும் வெளியே தெரியும்படி புதையுங்கள். மழைநீர் ஊற்றி, தட்டால் மூடுங்கள். சில நாளுக்கு ஒருமுறை திறந்து பாருங்கள். எவ்வளவு குறைந்திருக்கிறதோ அதுதான் உங்கள் செடியின் தாகம். தண்ணீர் அருமையான மாவட்டத்தில் அந்த அளவைத் தெரிந்துகொண்டு கொடுப்பதே செடி வளர்ப்பு.